டெங்கு ஷாக், பிளேட்லெட் 18,000: சென்ட்ரல் லைன் போடாமல் ஸ்கேனிலேயே சிவிபி பார்க்கலாமா?

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். மாவட்ட அளவிலான மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவப் பிரிவில் வேலை. மழை பிடித்ததிலிருந்து வார்டில் பாதிக்குப் பாதி டெங்குதான். இப்போது ஐசியுவில் இருக்கும் ஒருவரை வைத்தே கேட்டுவிடுகிறேன்.

26 வயது ஆண். காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள். இன்று காலையோடு காய்ச்சல் விட்டுவிட்டது. பிபி 94/76, நாடி 124, கை கால் சில்லிட்டிருக்கிறது, யூரின் குறைவு. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 52. பிளேட்லெட் 18,000. வலது நுரையீரலைச் சுற்றி நீர், பித்தப்பைச் சுவர் தடிப்பு. நினைவு தெளிவாக இருக்கிறது, தானாகவே மூச்சு விடுகிறார். கிலோவுக்கு மணிக்கு 10 மில்லி கணக்கில் சலைன் ஓடுகிறது.

"சென்ட்ரல் லைன் போட்டு, சிவிபி பார்த்துக்கொண்டே ஃப்ளூயிட் கொடுக்கலாம்" என்று ஒரு யோசனை வந்தது. அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் குழாய் ஏற்றி, அங்குள்ள ரத்த அழுத்தத்தை (சிவிபி) அளப்பது. இந்த பிளேட்லெட்டில் கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழேயோ ஊசி ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேன் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஐவிசியை (உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை) பார்த்து சிவிபியைக் கணித்தால் எவ்வளவு தூரம் நம்பலாம்?

எக்கோ அறை | ஞாயிறு, இரவு 11.48

முதலில் படத்தைச் சரியாக எடுப்பதைச் சொல்கிறேன். ஐவிசி பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி, படம் தப்பாக எடுத்ததால் வருபவை.

மல்லாந்து படுக்க வையுங்கள். எக்கோ ப்ரோப் அல்லது வயிற்று ப்ரோப் (ஸ்கேனில் உடல்மீது வைக்கும் கருவி), எது இருந்தாலும் சரி. நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே வைத்து, மார்க்கரைத் தலைப் பக்கம் திருப்பி, கொஞ்சம் வலது பக்கம் நகருங்கள். கல்லீரலுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு குழாய் ஓடும். அது வலது ஏட்ரியத்துக்குள் (இதயத்தின் வலது மேலறை) போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அளக்க வேண்டும். அயோர்ட்டா (பெருந்தமனி) அதன் இடது பக்கம்; சுவர் தடிப்பாகப் பளிச்சென்று தெரியும், துடிக்கும், ஏட்ரியத்துக்குள் போகாது. ஹெப்பாட்டிக் வெயின் (கல்லீரல் சிரை) வந்து சேரும் இடத்தை ஒட்டி, ஏட்ரியத்திலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி, குழாய்க்குச் செங்குத்தாக அளங்கள். மூச்சை விட்டு முடிக்கும்போது ஒரு அளவு. பிறகு மூக்கைச் சட்டென்று உறிஞ்சச் சொல்லி இன்னொரு அளவு.

அமெரிக்க எக்கோ சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது இது: ஐவிசி 2.1 செ.மீ. அல்லது அதற்குள் இருந்து, உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் வலது ஏட்ரிய அழுத்தம் 3 மி.மீ. மெர்குரி (0 முதல் 5 வரை). 2.1ஐத் தாண்டி, பாதிகூடச் சுருங்காவிட்டால் 15 (10 முதல் 20 வரை). இரண்டிலும் சேராதவர்களுக்கு 8 (5 முதல் 10 வரை).

அடைப்புக்குறிக்குள் உள்ள எல்லைகளைக் கவனியுங்கள். 3, 8, 15 என்பவை அளந்த எண்கள் இல்லை, மூன்று அறைகளுக்கு வைத்த பெயர்கள். முதல் அறையையும் கடைசி அறையையும் நான் நம்புகிறேன். நடு அறையை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை.

இன்னொன்று. மூச்சு இழுக்கும்போது ஐவிசி பக்கவாட்டிலும் கீழேயும் நகரும். உங்கள் ஒலிக்கற்றை நடு அச்சை விட்டு ஓரத்துக்குப் போய்விட்டால், குழாய் சுருங்காமலே சுருங்கியது போலத் தெரியும். எம்-மோடை (ஒரே கோட்டில் அசைவைக் காட்டும் முறை) மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது. ப்ரோபைக் குறுக்கே திருப்பி, வட்டமாகவும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கையை அழுத்தவும் கூடாது.

மயக்கவியல் | திங்கள், அதிகாலை 12.15

தம்பி, லைன் போட மனம் வரவில்லை என்றீர்களே, அந்தத் தயக்கம் சரியானது. காறை எலும்புக்குக் கீழே தமனி குத்துப்பட்டால் வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க வழியே இல்லை. 18,000 பிளேட்லெட்டில் ஓர் எண்ணைப் பார்ப்பதற்காக மட்டும் அந்த ஆபத்தில் இறங்கக் கூடாது.

அப்புறம், அந்த எண் கிடைத்தால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? இதை எல்லாப் பிஜி மாணவர்களிடமும் கேட்பேன். சிவிபி 8க்கும் 12க்கும் நடுவே வரும்வரை ஃப்ளூயிட் கொடு என்ற பழக்கம் 2001இல் வந்த ரிவர்ஸ் ஆய்விலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. அது செப்சிஸுக்கான (கடும் தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நெறிமுறை, டெங்குவுக்கு அல்ல. செப்சிஸிலேயே 2014, 2015இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளில் (அமெரிக்கா, ஆஸ்திரேலியா–நியூசிலாந்து, இங்கிலாந்து) அந்த நெறிமுறையால் இறப்பு குறையவில்லை. அதற்கும் முன்பே, 2008இல், மாரிக்கும் உடனிருந்தவர்களும் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிவிபிக்கும் உடலில் உள்ள ரத்த அளவுக்கும் இருந்த தொடர்பு 0.16தான். தொடர்பே இல்லை என்று சொல்லும் அளவு.

லைன் போட்டுச் சரியாக அளந்த சிவிபியின் கதையே இப்படி. அதை ஸ்கேனில் கணித்தால் அந்த எண்ணுக்குப் புதிதாக அறிவு வந்துவிடாது. கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த நிமிடம் ஃப்ளூயிட் கொடுத்தால் இதயம் கூடுதலாக ரத்தத்தை வெளியே தள்ளுமா? கொடுத்தால் கெடுதல் வருமா? ஐவிசி இரண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும். முதல் கேள்விக்கு அதைத் தனியாக நம்பக் கூடாது.

இரவுப்பணி | திங்கள், அதிகாலை 12.40

பார்த்துவிட்டேன். மூச்சு விடும்போது 0.9 செ.மீ., உறிஞ்சும்போது சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. குறுக்கேயும் பார்த்தேன், அதேதான். இதயம் வேகமாக, நன்றாகச் சுருங்குகிறது. பெரிகார்டியத்தில் (இதயத்தைச் சுற்றிய உறை) நீர் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது. அசைட்டிஸ் (வயிற்றுக்குள் நீர்) இருக்கிறது, அதிகம் இல்லை. அதனால் அளவு மாறுமா?

யாழ் விடுதி | திங்கள், காலை 6.05

மாறும். டெங்குவில் ஐவிசியை வாசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

ஐவிசியின் விட்டம் உள்ளே இருக்கும் அழுத்தத்தை மட்டும் காட்டுவதில்லை. உள்ளே இருப்பதற்கும் வெளியே வயிற்றில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. அசைட்டிஸ் கூடி வயிறு இறுகினால், ஏட்ரிய அழுத்தம் உயர்ந்திருந்தாலும் ஐவிசி நசுங்கிக் கோடு போலத் தெரியும். "ஐவிசி ஒட்டிப்போயிருக்கிறது, இன்னும் கொடு" என்று ஊற்றிக்கொண்டே போனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும் கூடும், வயிறும் இறுகும், அடுத்த ஸ்கானில் ஐவிசி இன்னும் ஒடுங்கித் தெரியும். அந்தச் சுழலுக்குள் போகவே கூடாது.

இலங்கையில் எங்களுடைய தேசிய வழிகாட்டியில் கசிவுக் கட்டத்துக்கென்று திரவ ஒதுக்கீடு உண்டு. பராமரிப்புத் திரவத்தோடு உடல் எடையின் 5 வீதத்தைச் சேர்த்துக் கணக்கிடுவோம். வளர்ந்தவருக்கு 50 கிலோவை உச்சமாக எடுப்பதால் 48 மணித்தியாலத்துக்கு 4,600 மில்லிலீட்டர். பராமரிப்புக்கு 2,100, ஐந்து வீதத்துக்கு 2,500. வாயால் குடிப்பதும் இதற்குள்தான். இந்தக் கணக்கு தாதியர் முதல் ஆலோசகர் வரை எல்லோருடைய கையிலும் இருப்பதால், ஓர் அளவீட்டைப் பார்த்து அவசரப்பட்டு ஊற்றுவது குறைகிறது. 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான ஆண்டில், கட்டில் போதாத நேரத்திலும் இந்தத் தாளை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

எங்களுக்கு ஸ்கான் முதன்மையாகப் பயன்படுவது கசிவு தொடங்கிவிட்டதா என்று பார்க்க. பித்தப்பைச் சுவர், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் மெல்லிய நீர்க்கோடு, வலது நுரையீரலின் அடிப்பக்கம். ஐவிசி அதற்குப் பிறகு. உங்கள் நோயாளருக்கு வயிறு இறுக்கமில்லை, நாடியழுத்த இடைவெளி (94க்கும் 76க்கும் உள்ள வித்தியாசம்) 18, ஹீமட்டோக்ரிட் 52. எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதால் அந்த 0.9ஐ நம்பலாம். திரவம் தேவை. மணிக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்கள்.

ஐசியு சிஸ்டர் | திங்கள், காலை 7.30

டாக்டர்கள் பேசும் இடத்தில் ஒரு செவிலியராகச் சொல்கிறேன். லைனில் வரும் சிவிபி சரி, ஸ்கேனில் வருவது கணிப்பு என்று பேசுகிறோம். லைனில் வருவது எவ்வளவு சரி என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்களைக் கேளுங்கள்.

ஜீரோ வைக்க வேண்டிய இடம் நாலாவது விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் புள்ளி. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம், கட்டிலை ஏற்றுகிறோம், இறக்குகிறோம். டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை அளக்கும் கருவி) ஸ்டாண்டில் பழைய உயரத்திலேயே தொங்குகிறது. 10 செ.மீ. கீழே தொங்கினால் சிவிபி 7 மி.மீ. அதிகமாகக் காட்டும். சாதாரண சிவிபியே 2 முதல் 8 வரைதான் என்னும்போது 7 என்பது சின்னப் பிழை இல்லை. இன்னும் சில இடங்களில் தண்ணீர் மேனோமீட்டர் இருக்கிறது. அதில் வருவது செ.மீ. தண்ணீர். 1.36ஆல் வகுத்தால்தான் மி.மீ. மெர்குரி. ஒரு ஷிஃப்ட் செ.மீ.யிலும் அடுத்த ஷிஃப்ட் மி.மீ.யிலும் எழுதினால், சார்ட்டில் நோயாளி ராத்திரியோடு ராத்திரியாகத் தேறியது போலத் தெரியும்.

அதனால் ஸ்கேன் அளவையும் சார்ட்டில் எழுதும்போது, தலைமாடு எத்தனை பாகை, வென்டிலேட்டரா தானாக மூச்சா, யார் எடுத்தது என்று எழுதிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு அதுதான் உதவி.

பழைய ஸ்டெத் | திங்கள், காலை 9.10

வயிற்றில் பார்க்க முடியாதவர்களுக்குக் கழுத்து இருக்கிறது. கேஸ் நிறைந்த வயிறு, லேப்பராட்டமி கட்டு, உடல் பருமன் என்று ஐவிசி சிக்காத ஆட்கள் எத்தனையோ பேர்.

தாமஸ் லூயிஸ் 1930இல் சொன்ன முறையைத்தான் இன்றைக்கும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஸ்டெர்னல் ஆங்கிளிலிருந்து (நெஞ்செலும்பின் மேல்பகுதியில் உள்ள மேடு) கழுத்துச் சிரைத் துடிப்பு எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று பார், அதோடு 5ஐக் கூட்டு. தடித்த கழுத்தில் கண்ணுக்கு அது தெரியாது. லீனியர் ப்ரோபைக் கழுத்தில் குறுக்கே வைத்தால் யாருக்கும் தெரியும். தலைமாட்டை 30, 45 பாகைக்கு உயர்த்தி, நிறைய ஜெல் போட்டு, தோலைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக் கீழிருந்து மேலே போங்கள். உள் ஜுகுலர் (கழுத்தின் பெரிய சிரை) ஓர் இடம் வரை உருண்டையாக இருக்கும், அதற்கு மேலே சப்பையாகிவிடும். நீளவாக்கில் பார்த்தால் அந்த இடத்தில் கூம்பித் தெரியும். அந்த இடத்துக்கும் ஸ்டெர்னல் ஆங்கிளுக்கும் உள்ள செங்குத்து உயரம் 6 செ.மீ. என்றால், 5 கூட்டி 11 செ.மீ. தண்ணீர், அதாவது 8 மி.மீ. மெர்குரி.

இதில் அந்த 5 மட்டும் நிலையானது இல்லை. தட்டையாகப் படுத்திருக்கும்போது பொருந்தும். தலைமாடு உயர உயர, ஸ்டெர்னல் ஆங்கிளுக்கும் ஏட்ரியத்தின் நடுப்பகுதிக்கும் உள்ள செங்குத்துத் தூரம் 8 செ.மீ.க்கு மேலும் போவதை சிடி ஸ்கேனில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆக, கணக்கு உண்மை அளவைவிடக் குறைவாகத்தான் வரும். அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று இந்த முறை சொன்னால் நம்புங்கள். உயரவில்லை என்று சொன்னால் இன்னொரு வழியிலும் பாருங்கள்.

மூணாவது கட்டில் | திங்கள், மதியம் 1.25

வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு இதே 2.1, 50% கணக்கைப் போடலாமா? எங்கள் யூனிட்டில் போடுகிறார்கள்.

மயக்கவியல் | திங்கள், மதியம் 2.00

போடக் கூடாது. தானாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்கி ஐவிசி சுருங்கும். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது அழுத்தம் ஏறி ஐவிசி விரியும். இரண்டும் நேர் எதிர். வென்டிலேட்டரில் இருப்பவரிடம் அந்த வழிகாட்டியே சுருங்கும் கணக்கை நம்பச் சொல்வதில்லை. 1.2 செ.மீ. அல்லது அதற்குள் இருந்தால் அழுத்தம் 10க்குக் கீழே என்று சொல்லலாம், அவ்வளவுதான். பெரிதாக இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஃப்ளூயிட் கொடுத்தால் பலன் உண்டா என்று பார்க்க 2004இல் இரண்டு பிரெஞ்சுக் குழுக்கள் இரண்டு கணக்குகளைத் தந்தன. ஒன்று (பார்பியே) விரிந்த அளவுக்கும் சுருங்கிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருங்கிய அளவால் வகுக்கிறது; எல்லை 18%. மற்றது (ஃபெய்செல்) சராசரியால் வகுக்கிறது, எல்லை 12%. தானாக மூச்சு விடுபவர்களுக்கான கணக்கு பெரிய அளவால் வகுப்பது. 1.8, 1.5 என்று இரண்டு அளவு கிடைத்தால் மூன்று கணக்கிலும் முறையே 20, 18, 17 வரும். எந்த வாய்பாடு என்று எழுதாமல் சதவீதத்தை மட்டும் எழுதி வைத்தால் அடுத்தவருக்கு அர்த்தமே புரியாது.

அதோடு அந்த ஆய்வுகளில் நோயாளிகள் தானாக ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை, டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் செலுத்தும் காற்று) கிலோவுக்கு 8 மில்லி அளவில் இருந்தது. நுரையீரலைக் காப்பாற்ற நாம் 6 வைக்கிறோம். அப்போது ஐவிசி விரிவதும் குறைந்துவிடும். விரியவில்லை என்பதற்காக ஃப்ளூயிட் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. காலைத் தூக்கி வைத்து, ஒரு நிமிடத்துக்குள் எல்விஓடியில் (இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி) விடிஐ (ஒரு துடிப்பில் ரத்தம் பாயும் தூரம்) 10 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை. வயிற்றில் அழுத்தம் இருந்தால் அதுவும் ஏமாற்றும்.

பயோமெட் மாணவி | திங்கள், மாலை 5.40

நான் மருத்துவர் இல்லை, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். விட்டத்தை அளந்து அழுத்தத்தை ஊகிப்பதற்குப் பதிலாக, அழுத்தத்தையே நேராக அளக்க முடியாதா? ப்ரோபின் முனையில் ஒரு பிரஷர் சென்சார் வைத்து அழுத்தி, சிரை எந்த அழுத்தத்தில் மூடுகிறது என்று பார்க்கலாமே?

எக்கோ அறை | திங்கள், இரவு 8.15

பார்த்திருக்கிறார்கள். 2007இல் தால்ஹாமர் குழு முன்கைச் சிரையில் இதையே செய்தது. ப்ரோபோடு அழுத்தத்தை அளக்கும் கருவியை இணைத்து, சிரை முழுவதும் மூடும் அழுத்தத்தைப் படித்தார்கள்; லைனில் அளந்த சிவிபியோடு நன்றாக ஒத்துப்போனது. கையை இதய மட்டத்தில் வைக்க வேண்டும், இதயம் வரை வழியில் அடைப்போ வளைவோ இருக்கக் கூடாது. கட்டிலோரத்தில் வழக்கமான கருவியாக அது இன்னும் வரவில்லை. உங்களைப் போன்றவர்கள் இறங்க வேண்டிய இடம் இது. உண்மையாகவே சொல்கிறேன்.

ஊகிப்பது ஏன் பிசகுகிறது என்பதற்கும் காரணம் நீங்கள் கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. சைக்கிள் டியூபில் முதல் சில பம்பு அடிக்கும்போது டியூப் உப்பும், அழுத்தம் ஏறாது. உப்பி முடித்த பிறகு ஒவ்வொரு பம்புக்கும் அழுத்தம்தான் ஏறும், அளவு மாறாது. சிரையும் அப்படியே. விளையாட்டு வீரர்களுக்கு அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போதே ஐவிசி 2.1ஐத் தாண்டி இருப்பது இதனால்தான்: அவர்கள் டியூப் பெரிது. நாள்பட்ட டிரைகஸ்பிட் வால்வுக் கசிவு உள்ளவர்களுக்கும் குழாய் ஏற்கெனவே விரிந்துபோயிருக்கும். ஆஸ்துமாவில் ஒருவர் பலமாக மூச்சை இழுத்தால், உள்ளே அழுத்தம் நன்றாக இருந்தாலும் ஐவிசி முழுக்கச் சுருங்கும். விட்டத்தை அழுத்தமாக மாற்றும் ஒரே சமன்பாடு எல்லோருக்கும் பொருந்தாது.

நெஃப்ரோ | செவ்வாய், காலை 10.30

எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. டயாலிசிஸ் நோயாளிக்கு உலர் எடை (மிகை நீர் இல்லாத எடை) தீர்மானிக்க ஐவிசி பார்ப்பது பழைய பழக்கம். ஆனால் டயாலிசிஸ் முடிந்த உடனே பார்த்தால் குறைவாகத் தெரியும். திசுக்களிலிருந்து நீர் ரத்தத்துக்குத் திரும்பிவர நேரம் கொடுக்க வேண்டும்.

இப்போது எங்களுக்கு அதிகம் உதவுவது வெக்ஸஸ் (சிரைகளில் ரத்தம் தேங்குவதை ஸ்கேனில் தரம்பிரிக்கும் முறை). 2020இல் மான்ட்ரியாலிலிருந்து வந்தது. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க உருவாக்கினார்கள். ஐவிசி 2 செ.மீ.க்குக் கீழே என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2 அல்லது அதற்கு மேல் என்றால் ஹெப்பாட்டிக் வெயின், போர்ட்டல் வெயின், சிறுநீரகத்துக்குள் ஓடும் சிரை மூன்றிலும் டாப்ளர் வைக்கிறோம். போர்ட்டல் வெயினில் ரத்தம் சீராக ஓட வேண்டும். அது 30 சதவீதத்துக்கு மேல் துடிக்க ஆரம்பித்தால் கவனம், 50ஐத் தாண்டினால் கடுமை. மூன்றில் இரண்டு கடுமையாக இருந்தால் மூன்றாம் நிலை. சிவிபி எத்தனை என்று தேடுவதைவிட, தேங்கிய ரத்தம் உறுப்பைத் தொட ஆரம்பித்துவிட்டதா என்று பார்ப்பது எனக்குப் பொருளுள்ளதாகப் படுகிறது. கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியதும் "தண்ணீர் போதவில்லை" என்று இன்னொரு பாட்டில் மாட்டும் பழக்கத்தை உடைக்க இது ஒன்றே போதும்.

மூணாவது கட்டில் | செவ்வாய், மதியம் 12.05

போனில் மாட்டும் கையடக்க ப்ரோப் ஒன்று சொந்தமாக வாங்கலாம் என்று இருக்கிறேன். பையில் போட்டுக்கொண்டு, வேலை பார்க்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் எடுத்துப் போகலாமே?

மயக்கவியல் | செவ்வாய், மதியம் 12.30

வேண்டாம், வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் எந்த அல்ட்ராசவுண்ட் கருவியும் பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும்) சட்டத்தின் கீழ் வரும். ஐவிசி மட்டும்தான் பார்ப்பேன் என்றாலும், கையடக்கமானது என்றாலும் விலக்கு இல்லை. கருவி பதிவு செய்த இடத்துக்கு உரியது; 2012இல் வந்த விதிப்படி, எடுத்துச் செல்லக்கூடிய கருவியைப் பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்குத்தான் பயன்படுத்தலாம் (நடமாடும் மருத்துவ வாகனத்துக்குத் தனி விதி). பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றினால் கருவியும் போகும், பதிவும் சிக்கலாகும். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது, அதன் தேவை இன்னும் தீரவில்லை. மருத்துவமனை வழியாக விண்ணப்பித்து, ஐசியு கருவி என்று பதிவு செய்து, யார் யார் பயன்படுத்துவார்கள் என்று பெயர் கொடுத்துவிடுங்கள். வேலைதான், ஆனாலும் செய்ய முடிகிற வேலை.

இரவுப்பணி | புதன், இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. நோயாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சென்ட்ரல் லைன் போடவில்லை. இரண்டு கைகளிலும் பெரிய வென்ஃப்ளான் (கைச் சிரையில் போடும் ஊசிக்குழாய்). ஞாயிறு இரவு ஐவிசி ஒட்டியிருந்ததால் கிலோவுக்கு மணிக்கு 10 மில்லி தொடர்ந்தோம். திங்கள் காலை ஹீமட்டோக்ரிட் 46, பிபி 104/70, ஐவிசி 1.4, 7க்குக் குறைத்து, பிறகு படிப்படியாக 3க்கு இறக்கினோம். யாழ் விடுதி டாக்டர் சொன்ன 48 மணி நேரக் கணக்கைச் சுவரில் ஒட்டி, ஓடியதையெல்லாம் அதில் கழித்துக்கொண்டே வந்தோம்.

எனக்கு ஸ்கேன் அதிகம் உதவியது செவ்வாய் இரவுதான். யூரின் கொட்ட ஆரம்பித்தது, பசி வந்தது. ஐவிசி 2.2 செ.மீ., உறிஞ்சச் சொன்னாலும் லேசாகத்தான் அசைந்தது. நுரையீரலில் புதிதாகச் சில பி-கோடுகள் (நுரையீரலில் நீர் சேர்வதைக் காட்டும் கோடுகள்). கசிந்தது திரும்பி வருகிறது என்று முடிவு செய்து ட்ரிப்ஸை நிறுத்தினோம். பிபி 110/70 இருக்கும்போது நிறுத்தத் தயக்கம் இருந்தது. படத்தைக் காட்டியதும் யூனிட்டில் யாரும் மறுக்கவில்லை. இன்று ஆக்சிஜன் இல்லாமல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். பிளேட்லெட் 41,000.

யூனிட்டுக்கு ஒரு தாள் தயார் செய்கிறோம்: ஐவிசி பெரிய அளவு, சிறிய அளவு, எந்த இடத்தில் எடுத்தது, மூச்சு எப்படி, வயிறு இறுக்கமா, அதே நேரத்து ஹீமட்டோக்ரிட், எடுத்தவர் பெயர். சிவிபி என்று எண் எழுதும் கட்டமே வைக்கவில்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

யாழ் விடுதி | புதன், இரவு 10.20

அதுவரை சென்ற மொத்தத் திரவமும், ஒதுக்கீட்டில் மீதியும். அதே வரியில் இருக்க வேண்டும். அளவீட்டைப் பார்ப்பவரின் கண் மீதியிலும் படும்.

ஐசியு சிஸ்டர் | புதன், இரவு 10.40

தலைமாடு எத்தனை பாகை என்பது விட்டுப்போயிருக்கிறது டாக்டர்.

எக்கோ அறை | புதன், இரவு 11.00

வயிற்றில் முன்பக்கமா, வலது பக்கவாட்டில் கல்லீரல் வழியாகவா என்பதையும் டிக் போடும்படி வையுங்கள். ஐவிசி முன்பின்னாகத்தான் அதிகம் சுருங்கும். பக்கவாட்டில் எடுத்த அளவும் முன்பக்கம் எடுத்த அளவும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. ராத்திரி ஒருவர் இப்படியும் காலையில் ஒருவர் அப்படியும் எடுத்தால், மாறியது நோயாளியா ப்ரோப் வைத்த இடமா என்றே தெரியாது.

இரவுப்பணி | புதன், இரவு 11.15

மூன்றையும் சேர்த்துவிட்டேன். நாளைக்கு அச்சடித்ததும் வெற்றுத் தாளை இங்கே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.